கரிகாலன் கொலைவழக்கும் மரக்காணத்து வாசகர்களும்

மரக்காணத்தில் உப்பு விளையும் மாதங்களில் புத்தகம் ஓடாது. தை, மாசியில் பாத்தி கட்டி மிதிக்கத் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும் ஊரில் பலருக்கு விடியலுக்கு முந்தைய இருட்டிலேயே அளத்தில் வேலை. வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கரையேற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்கு எதையாவது எடுத்துப் படிக்கத் தெம்பு ஏது? ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கி, மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் பாத்திகளையும் பக்கத்துக் கழுவெளிச் சதுப்பையும் வெள்ளக்காடாக்கிய பிறகுதான் அவர்களுக்குப் பொழுது கிடைக்கும். அதனால் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகை நூலகம் வைத்திருந்த பைண்டருக்கு வியாபாரம் என்பதே ஐப்பசி முதல் மார்கழி வரைதான். அந்த மூன்று மாதங்களில் அவர் கையிலிருந்து அதிகம் போய்வந்தவை சோழர் கதைகள். அதிலும் ஆயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரே ஒரு கொலையைச் சுற்றிய கதைகள்.

சுந்தர சோழரின் மூத்த மகன், பட்டத்து இளவரசன், வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று பேர் வாங்கிய ஆதித்த கரிகாலன் 970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொல்லப்பட்டான். யார் கொன்றார்கள் என்பதற்குக் கல்வெட்டில் பெயர்கள் உண்டு. எதற்காக, யார் தூண்டி என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்த இடைவெளியில்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நிற்கிறது. அதிலிருந்து கிளைத்த மர்ம நாவல்கள் அத்தனையும் அங்கேதான் வேர்விட்டிருக்கின்றன.

ஊர்க்காரர்கள் அந்த பைண்டரை லைப்ரரிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் தொழில் பைண்டிங். புதுச்சேரியில் ஓர் அச்சகத்தில் பையனாகச் சேர்ந்து, பாரம் மடிப்பதில் தொடங்கி, தையல், ஒட்டு, காலிக்கோ அட்டை என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். பைண்டிங்குக்கு வந்து திரும்ப வாங்கப்படாமல் கிடந்த புத்தகங்களே அவருடைய நூலகத்தின் முதல் அலமாரி. இந்தக் கரையில் பைண்டிங் தனி வித்தை. உப்புக்காற்றில் வார இதழின் கம்பிப் பின் ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்து, சுற்றியுள்ள தாளையும் தின்றுவிடும். ஆகவே பின்னைப் பிடுங்கி எறிந்துவிட்டு நூலால்தான் தைக்க வேண்டும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்காவிட்டால் பூச்சி வந்துவிடும். கலந்தாலும் ஈரக்காற்றில் அட்டை உப்பிக்கொள்ளும், பாரம் வைத்து நாள்கணக்கில் காயவைக்க வேண்டும்.

அவரிடம் வந்த வேலையில் கணிசமான பங்கு, ‘கல்கி’ இதழிலிருந்து வீட்டுக்காரர்கள் கிழித்துச் சேர்த்து வைத்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்கள். 1950 அக்டோபர் 29-ஆம் தேதி தொடங்கி 1954 மே 16 வரை மணியத்தின் ஓவியங்களோடு அந்தத் தொடர் வந்தது. பிறகும் அதே இதழில் பல முறை மறுபடி வெளியானது. வினு, பத்மவாசன் என்று ஓவியர்கள் மாறினார்கள். ஒரே வீட்டில் பாட்டி கிழித்து வைத்தது ஒரு கட்டு, மகள் கிழித்து வைத்தது இன்னொரு கட்டு என்று இரண்டும் அவர் மேசைக்கு வந்ததுண்டு.

ஒரு புத்தகம் எப்படிப் படிக்கப்பட்டது என்பதை பைண்டர் அளவுக்கு யாரும் அறிய முடியாது. எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறதோ அங்கே புத்தகம் நெடுநேரம் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கத்தின் ஓரம் கறுத்திருக்கிறதோ அது திரும்பத் திரும்பப் படிக்கப்பட்டிருக்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் அவர் கைக்கு வந்த பிரதிகளில் அப்படி அதிகம் நைந்து வந்தவை கடம்பூர் மாளிகை அத்தியாயங்கள். விளக்கு அணைகிறது, கரிகாலன் விழுந்து கிடக்கிறான். அந்த இருட்டில் அவனுடைய பழைய காதலி நந்தினியும் இருக்கிறாள், அவனுடைய தூதன் வந்தியத்தேவனும் இருக்கிறான், பழிவாங்க வந்த பாண்டிய ஆபத்துதவிகளும் நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் இருக்கிறார்கள். பிறகு அந்த மாளிகைப் பெண் மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். வந்தியத்தேவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். குத்தியது எந்தக் கை என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்லவில்லை. வாசகர்கள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, தையல் பிரிந்துபோகும் வரை தேடியது அந்தக் கையைத்தான்.

முதல் எதிர்வினை கல்கிக்கே வந்தது. தொடர் முடிந்தவுடன், கதை திடீரென்று நின்றுவிட்டது, இன்னார் என்ன ஆனார், அவருக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று வாசகர்கள் கேட்டுத் துளைத்தார்கள். கல்கி அதற்காகவே ஒரு முடிவுரை எழுதி, சமூகக் கதையை முடிப்பதுபோல் வரலாற்றுக் கதையை முடிக்க முடியாது என்று விளக்கி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வையும் சுருக்கமாகச் சொன்னார். அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி அவர் மறைந்தார். கேள்விகள் மறையவில்லை.

அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கிளம்பிய நாவல்கள் எல்லாம் லைப்ரரிக்காரருடைய இரண்டாவது அலமாரியில் இருந்தன. ‘அமுதசுரபி’ இதழை அரை நூற்றாண்டு நடத்திய விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’ கல்கியின் கதை நின்ற இடத்திலிருந்தே நடக்கிறது. பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகங்களாகத் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிக்கொண்டே போகும்போது, பழைய கொலையின் நிழல் அங்கும் விழுகிறது. கோகுல் சேஷாத்ரியின் ‘ராஜகேசரி’ ராஜராஜன் காலத்துச் சதியை மர்மக் கதையாக்குகிறது. காலச்சக்கரம் நரசிம்மாவின் ‘சங்கதாரா’ நேரடியாகக் கரிகாலன் கொலையையே விசாரிக்கிறது. விசாரித்து, கல்கியின் வாசகர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் ஒருவர் பக்கம் விரலை நீட்டுகிறது. யார் பக்கம் என்பதை இந்தக் கட்டுரையும் சொல்லாது. லைப்ரரிக்காரர் கடையில் அது எழுதப்படாத சட்டம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர், வாங்கக் காத்திருப்பவர் காதில் பட முடிவைப் பேசக் கூடாது. பேசியே தீர வேண்டும் என்றால் எழுதலாம்.

எழுதுவதற்கு அவர் இடம் செய்து வைத்திருந்தார். பைண்டு பண்ணும்போது முன்னும் பின்னும் வெற்றுத்தாள் வைப்பது தொழில் வழக்கம். மர்மக் கதைகளுக்கு மட்டும் அவர் பின்பக்கம் கூடுதலாகச் சில தாள்களைச் சேர்த்துத் தைத்தார். படித்து முடித்தவர் என்ன தோன்றுகிறதோ அதை எழுதலாம். பெயர் போட வேண்டியதில்லை. கதையின் ஓரத்தில் கிறுக்குவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. நாளாவட்டத்தில் கதையைவிட அந்தத் தாள்களைப் படிக்க வந்தவர்களும் உண்டானார்கள்.

‘நந்திபுரத்து நாயகி’யின் தாள்களில் பெரிய சண்டை எதுவும் இல்லை. பிரிந்துபோனவர்களை மறுபடி பார்த்த சந்தோஷம், இன்னும் நாலு அத்தியாயம் எழுதியிருக்கலாமே என்ற ஏக்கம், வந்தியத்தேவன் பேச்சில் பழைய குறும்பு குறைந்துவிட்டது என்ற வருத்தம், அவ்வளவுதான். ‘உடையார்’ வேறு விதம். ஆறு பாகத்தையும் ஒரே மழைக்காலத்தில் முடித்தவர்கள் அந்தப் பின்பக்கத் தாள்களில் கோயில் கட்டியதைப் பற்றி எழுதினார்களே தவிர, கொலையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

‘சங்கதாரா’ முதன்முதலில் வெளியே போனதும் எல்லாம் மாறிற்று. ஒரே இரவில் படித்துவிட்டு, விடிந்ததும் கடை திறக்கும் முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மா. புத்தகத்தை மேசைமேல் வைத்தார்.

“இத என் பொண்ணுக்குக் குடுக்காதீங்க தம்பி. கேட்டா இல்லன்னு சொல்லிடுங்க.”

தாளிலும் அதையே எழுதியிருந்தார். அடுத்த வாரம் அதன் கீழே வேறொரு கையெழுத்தில், ஏன் கொடுக்கக் கூடாது, கோபப்படுவதாக இருந்தால் ஆதாரத்தைச் சொல்லிக் கோபப்படுங்கள் என்றிருந்தது. அதன் கீழே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆட்சியாண்டுக் கணக்கைப் போட்டிருந்தார். அவருக்கும் கீழே ஓர் ஆட்டோ ஓட்டுநர், அவன் செத்ததால் யாருக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொரு பெயராக எழுதி, எதிரில் பதவி, பணம், பழி தீர்த்த நிம்மதி என்று பத்தி பிரித்திருந்தார். புலனாய்வு அதிகாரி எழுத வேண்டிய பட்டியல் அது. ‘பொன்னியின் செல்வ’னைப் பல தடவை படித்தவர்கள்தான் அதிகம் கொதித்தார்கள் என்பதை லைப்ரரிக்காரர் கவனித்தார். கல்கியைப் படிக்காமல் இந்த நாவலை மட்டும் படித்த இளைஞர்கள், கதை நன்றாக ஓடுகிறது, முடிச்சு நன்றாக விழுந்திருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு அந்தப் பாத்திரம் ஒரு பாத்திரம். முன்னவர்களுக்கோ வீட்டுப் பெண்.

இதை உணர்ச்சிவசப்படுகிற வாசகரின் பலவீனம் என்று தள்ளிவிடுவது எளிது. அது நியாயமில்லை. தொடராக வந்த கதையோடு மூன்றரை ஆண்டு வாழ்ந்தவர்கள், அவர்களுடைய பெண்கள், பேத்திகள் என்று வழிவழியாக ஒரு வழக்கில் சாட்சியாக இருக்கிறவர்கள் இவர்கள். புதிதாக வரும் நாவலை இவர்கள் புது வாக்குமூலமாகத்தான் படிக்கிறார்கள். வாக்குமூலம் தங்களுக்குத் தெரிந்ததோடு மோதினால் எழுந்து நின்று குறுக்கு விசாரணை செய்கிறார்கள். வேறெந்த வகை நாவலுக்கும் இந்தச் சலுகை கிடைப்பதில்லை.

மரக்காணத்துக்கே உரிய ஒரு பிடிவாதமும் அதில் இருந்தது. இந்தக் கரையில் கரிகாலனின் தங்கை குந்தவையைவிட, நந்தினியைவிட, பூங்குழலிக்குத்தான் ஆதரவு. கோடிக்கரையில் தனியாகப் படகு வலித்துக்கொண்டு போகிறவள், வந்தியத்தேவனைத் துரத்தவிட்டுச் சேற்றில் சிக்கவைக்கிறவள், கரிகாலனின் தம்பி, பின்னாளில் ராஜராஜன் ஆகும் அருள்மொழியைக் கடலிலிருந்து கரைசேர்க்கிறவள். கோடிக்கரையின் உளைச்சேற்றைக் கல்கி வர்ணிக்கும் பக்கங்களைப் படித்துவிட்டு, கழுவெளி ஓரத்தில் நடந்து பழகியவர்கள், எழுதியவருக்குக் கால் புதைந்த அனுபவம் உண்டு என்று அடித்துச் சொன்னார்கள். அந்தப் பூங்குழலி சேந்தன் அமுதனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவனே சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், பின்னாளில் உத்தம சோழனாகப் பட்டம் ஏறுகிறவன் என்பது கல்கியின் கற்பனை.

இந்தக் கற்பனையால் கல்கி சாதித்தது பெரிய காரியம். வரலாற்றாசிரியர்களில் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, கரிகாலன் கொலையில் உத்தம சோழனுக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர். கரிகாலன் இறந்ததால் அரியணை கிடைத்தது உத்தமனுக்கு; சுமார் பதினைந்து ஆண்டு ஆண்ட அவன் காலத்தில் கொலையாளிகள் மேல் நடவடிக்கை எடுத்ததற்குச் சான்று இல்லை; ராஜராஜன் பட்டத்துக்கு வந்த இரண்டாம் ஆண்டிலேயே அவர்கள் சொத்தின்மேல் கை வைக்கப்படுகிறது. சந்தேகத்துக்கு இவ்வளவு போதும். கல்கி அந்தச் சந்தேகத்தை எடுத்து, சதிகாரர்களோடு கூடித் திரியும் மதுராந்தகன் என்ற போலியின் தலையில் வைத்துவிட்டு, அரியணையைப் பூத்தொடுக்கும் சிவபக்தன் சேந்தன் அமுதனிடம் கொடுத்துவிட்டார். சந்தேகம் ஒருவனுக்கு, பட்டம் இன்னொருவனுக்கு! உத்தம சோழன் தமிழ் வாசகர் மனத்தில் நிரபராதியாக விடுதலை ஆனது அந்தத் திருப்பத்தினால்தான்.

சாஸ்திரியின் வாதத்தைத் தலைமையாசிரியர் தாளில் சுருக்கி எழுதியபோது, அளத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்தி படித்துவிட்டுக் கேட்டது லைப்ரரிக்காரருக்கு மறக்கவில்லை.

“பூங்குழலி வீட்டுக்காரரயா சொல்றாரு இவரு? அந்தாளு பூ கட்டிக்கினு இருந்தவராச்சேண்ணே!”

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. மெனக்கெட்டுப் போய் சதாசிவ பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ நூலைத் தேடி எடுத்து, அந்தப் பெண்ணின் கட்சிக்கும் வரலாற்றில் ஆள் உண்டு என்று காட்டினார். பண்டாரத்தார், உத்தம சோழன்மேல் பழிபோடுவதை மறுத்தவர். திருவாலங்காட்டுச் செப்பேடுகளின்படி, குடிகள் வந்து வேண்டியும் அருள்மொழி, சிற்றப்பன் அரசாள விரும்பும்வரை தனக்கு நாடு வேண்டாம் என்று ஒதுங்கினான். அண்ணனைக் கொன்றவனுக்காக ஒருவன் அப்படி ஒதுங்குவானா? உத்தமனின் பெயரான மதுராந்தகன் ராஜராஜன் மகன் ராஜேந்திரனுக்கும் பெயராக இருந்தது. உத்தமனின் மகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில் பொறுப்பான அதிகாரியாக இருந்தான். இந்த மூன்றும் தாளில் ஏறியபோது அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த வெற்றியை, அளத்தில் கூலி உயர்ந்த நாளில்கூடப் பார்த்ததில்லை என்பார் லைப்ரரிக்காரர்.

அந்த மழைக்காலத்தில்தான் வாசகர்கள் கதையை விட்டுக் கல்லைக் கேட்கத் தொடங்கினார்கள். உண்மையில் கல்வெட்டில் என்னதான் இருக்கிறது? காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டின் வாசகத்தைத் தலைமையாசிரியர் பிரதி எடுத்துத் தந்தார். லைப்ரரிக்காரர் அதன் சாரத்தை எளிய தமிழில் எழுதவைத்து, ஒளிநகல் எடுத்து, கரிகாலன் கொலையைத் தொடும் ஒவ்வொரு நாவலின் முன்பக்கத்திலும் தைத்தார். கதைக்கு முன் கல், கதைக்குப் பின் வாசகர் என்பது அவருடைய பைண்டிங் முறை ஆயிற்று.

அப்படி அவர் செய்ததற்குக் காரணம் உண்டு. ‘சங்கதாரா’வைப் படித்த சிலர், கண்டுபிடித்தாகிவிட்டது, இன்னார்தான் கொன்றது என்று டீக்கடையில் வரலாறாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள். நாவலாசிரியர் புனைவின் உரிமையோடு ஒரு சாத்தியத்தை எழுதுகிறார். படிக்கிறவர் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால், ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்து தனக்காகப் பேச முடியாத ஒருவர்மேல் கொலைப்பழி நிலைத்துவிடும். இதற்குக் கல்கியும் விலக்கல்ல. நந்தினி வரலாற்றில் இல்லாதவள் என்று சொன்னால் நம்ப மறுத்தவர்கள் அந்தக் கடைக்கு நிறையப் பேர் வந்தார்கள்.

கல் சொல்வது இவ்வளவு. கோராஜகேசரிவர்மரின் 2-ஆம் ஆட்சியாண்டு. பரகேசரி, ராஜகேசரி என்று மாறி மாறிப் பட்டம் சூடிய சோழர்களில் உத்தமன் பரகேசரி, ஆகவே இந்த ராஜகேசரி 985-ல் பட்டம் ஏறிய ராஜராஜன் என்று ஆய்வாளர்கள் கொண்டார்கள். ஸ்ரீவீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை விடுக்கிறான். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், தம்பி பரமேசுவரனான இருமுடிசோழப் பிரமாதிராஜன் ஆகியோரின் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய சொத்து மட்டும் போகவில்லை. உடன்பிறந்தார், பெற்ற தாய், மாமன்மார், உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் வரை உறவு வரிசையாக எண்ணப்பட்டு அனைவரின் நிலமும் பறிக்கப்பட்டு விற்கப்படுகிறது. பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் உயர்ந்த பிராமண அதிகாரிகளுக்குத் தரப்பட்ட பட்டம். அரண்மனைக்கு அந்நியர்கள் அல்ல அவர்கள். பஞ்சவன் என்றால் பாண்டியன். வீரபாண்டியன் தலைக்குப் பழி என்ற இழை கல்கிக்குக் கிடைத்ததற்கு இப்பெயரும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

இந்தத் தாளை முன்பக்கத்தில் தைத்த பிறகு பின்பக்கத்து எழுத்து மாறியது. பெண்களிடம்தான் அதிகம். பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு வரைக்கும் நிலத்தைப் பிடுங்கியதைப் படித்தவர்கள், செத்தவன் மேலிருந்த இரக்கத்தைக் கொஞ்சம் எடுத்து அந்தப் பெயரில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். நிலம் போனால் ஒரு வீடு என்ன ஆகும் என்பது புயலுக்குப் புயல் பாத்தி கரைந்துபோவதைப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எந்த நாவலாசிரியராவது அந்த மருமகன்களில் ஒருவனை வைத்துக் கதை எழுதக் கூடாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கரிகாலன் வழக்கில் இதுவரை யாரும் கூப்பிடாத சாட்சி அந்த மருமகன்.

ஒரு கார்த்திகையில் வேன் பேசிக்கொண்டு வாசகர்கள் சிலர் உடையார்குடிக்கே போனார்கள். புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாகப் போனால் வழி நெடுக மழை. கோயில் சுவரில் எழுத்தைப் பார்த்தபோது அவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். கதையில் நெஞ்சை அடைக்கவைத்த கொலை, இங்கே நிலவிற்பனைப் பத்திரத்தில் ஒரு குறிப்பாக மட்டும் இருக்கிறது. ஏமாற்றம் நெடுநேரம் நீடிக்கவில்லை. வெளியே வந்து வீராணம் ஏரிக்கரையில் நின்றபோது ஒருவர் உரக்கச் சொன்னார்: வந்தியத்தேவன் குதிரையில் வந்த ஏரி இதுதானே! ஆம், வீரநாராயண ஏரி. ‘பொன்னியின் செல்வன்’ ஓர் ஆடிப்பெருக்கு நாளில் இந்தக் கரையில்தான் தொடங்குகிறது. கொலையாளிகளின் பெயரைத் தாங்கிய கல் பக்கத்தில் இருக்க, கல்கி தன் கதையின் முதல் காட்சியை அதற்கு அருகிலேயே வைத்திருக்கிறார்; கொலை நடக்கும் கடம்பூரையும் அதே வட்டாரத்தில் அமைத்திருக்கிறார். கொலை எங்கே நடந்தது என்று கல்லில் இல்லை. கல் கிடைத்த ஊரைச் சுற்றிக் கதையை நட்டது கல்கியின் துணிச்சல். அத்தனை தடவை படித்தும் பிடிபடாத இந்த அமைப்பு, அங்கே போய் நின்றபோது அவர்களுக்குப் பிடிபட்டது.

நாவல் வாசகரை வரலாறு தேடவைப்பது இங்கே மட்டும் நடந்ததல்ல. கல்கியின் தொடர் வந்துகொண்டிருந்த 1951-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜோசஃபின் டே எழுதிய ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ வெளியானது. ஆலன் கிரான்ட் என்ற போலீஸ் அதிகாரியை வைத்து அவர் எழுதிவந்த துப்பறியும் வரிசையிலிருந்து விலகி நிற்கும் கதை அது. கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் கிரான்ட், மூன்றாம் ரிச்சர்ட் மன்னனின் ஓவியத்தைப் பார்த்து, அண்ணன் மகன்களைக் கொன்றவன் இவன்தானா என்று படுக்கையிலிருந்தே விசாரிக்கிறார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தால் கொடியவனாக நிலைத்துவிட்ட ரிச்சர்டுக்காக அந்த நாவல் வாதாடியது. அவனுக்காகப் பேச அங்கே 1924-லேயே ஒரு சங்கம் இருந்தது. நாவல் வந்த பின் பலரும் அந்தக் கட்சிக்கு வந்தார்கள். 2012-ல் லெஸ்டர் நகரத்து வண்டி நிறுத்துமிடத்தின் அடியில் ரிச்சர்டின் எலும்புகள் கிடைத்ததற்கு அப்படிப்பட்ட ஆர்வலர்களின் விடாமுயற்சி பெரிய காரணம். அங்கே ஒரு நாவல் வில்லனை விடுவித்து வாசகரைத் திரட்டியது. இங்கே ஒரு நாவல் அன்புக்குரியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வாசகரைத் திரட்டியது. இரண்டு இடத்திலும் வாசகர் நாவலோடு நின்றுவிடவில்லை என்பதே இந்த வகை எழுத்தின் பெருமை.

மணிரத்னத்தின் படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தபோது வாடகைக்காரர்கள் குறைந்தார்கள். எல்லாரும் ஐந்து பாகத்தையும் சொந்தமாகவே வாங்கினார்கள். அதில் லைப்ரரிக்காரருக்கு வருத்தம் இல்லை. மலிவுப் பதிப்புகளின் பசை ஒரு மழைக்கு மேல் தாங்காது, பைண்டிங்குக்கு அவரிடம்தானே வர வேண்டும். படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் கேட்டது வேறு. இரண்டாம் படத்தில் கரிகாலன் முடிவு அவனுக்கும் நந்தினிக்கும் இடையிலான பழைய காதலின் முடிவாகவே வருகிறது. புத்தகத்தின் இருட்டும் குழப்பமும் அங்கே இல்லை. படம் முதலில் பார்த்தவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு, இதில் யார் என்றே தெரியவில்லையே என்று குறைப்பட்டார்கள். புத்தகம் முதலில் படித்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்துவிட்டதே என்று குறைப்பட்டார்கள். பின்பக்கத் தாளில் இந்த இரண்டு கட்சியும் பக்கம் பக்கமாக மோதியிருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மரக்காணம், புதுச்சேரிப் பகுதியில் கரையைக் கடந்தது. அளங்கள் மூழ்கின, பாத்திகள் உருத்தெரியாமல் போயின. சந்திலும் தண்ணீர் ஏறியது. சோழர் அலமாரி சுவரில் உயரத்தில் இருந்ததால் தப்பியது. அடுத்து வந்த வாரங்களில் வேலையில்லாத அளத்துக்காரர்கள் வாடகை கொடுக்க முடியாமல் தயங்கியபோது, சும்மா எடுத்துப் போகச் சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார் லைப்ரரிக்காரர். ‘சங்கதாரா’ பிரதியின் பின்தாள்கள் அதற்குள் நிரம்பிவிட்டிருந்தன. பிரித்து, புதுத் தாள் சேர்த்து, மறுபடி தைத்தார்.

புதுத் தாளில் முதலில் எழுதியது பிளஸ் டூ படிக்கும் பெண். மருமகன் நிலத்தைக்கூட விடாமல் எழுதிவைத்த அரசன், குத்திய மூன்று பேரையும் என்ன செய்தான் என்று ஏன் எழுதவில்லை என்பது அவள் கேள்வி. அதன் கீழே தலைமையாசிரியர், பிராமணர்களுக்கு மரண தண்டனை கூடாது என்ற தரும சாத்திர விதிப்படி சொத்தைப் பறித்து ஊரைவிட்டுத் துரத்தியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுவதாகப் பதில் எழுதினார். அதன் கீழே ஆட்டோ ஓட்டுநர், கொலைக்கும் இந்த ஓலைக்கும் நடுவே பதினைந்து ஆண்டுக்கு மேல் இருக்கிறதே, அதற்குள் அந்த மூவரும் செத்தே போயிருந்தால் சொந்தக்காரர்களிடம்தானே வசூலிக்க முடியும் என்று எழுதினார். தலைமையாசிரியர் அதை மறுக்க ஆதாரம் தேடிக்கொண்டிருக்கிறார். உப்பு வேலை மறுபடி தொடங்கிவிட்டது. அந்தப் பெண் தேர்வு முடிந்ததும் வந்து பதிலைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அதுவரை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அந்தப் பிரதியை முன்பதிவு செய்து வைத்திருக்கிறாள்.